எங்கள் தெருவுக்கு நரகம் திறந்துவிட்டவர்

நரகத்தைப் பற்றி இந்த உலகத்தில் பேசியவர்கள் எல்லோரும் காதில் கேட்டதைச் சொன்னவர்கள். நேரில் போய், முழம் போட்டு அளந்துவிட்டுத் திரும்பியவர்போலப் பேசிய ஒரே மனிதர் எங்கள் கிங்கரர்தான். அவர் சாமியார் இல்லை, பிரசங்கம் செய்கிறவரும் இல்லை. கோவில்பட்டியில் எங்கள் தெருவுக்குக் குடிதண்ணீர் வால்வு திறந்துவிட வந்தவர்.

இது தொண்ணூறுகளின் கடைசியில். அப்போதெல்லாம் எங்கள் ஊரில் ஒருவரை ஒருவர் பார்த்தால் 'சாப்பிட்டாச்சா' என்று கேட்க மாட்டோம். 'ஒங்க தெருவுல வந்துட்டா' என்றுதான் கேட்போம். எது என்று சொல்ல வேண்டியதில்லை. எட்டு நாளைக்கு ஒரு தரம் வரும். சில சமயம் பத்து. கோடையில் வந்தால் வந்ததுதான். பெண் கொடுக்க வருகிறவர்கள் மாப்பிள்ளையின் சம்பளத்தை அப்புறம் விசாரிப்பார்கள். முதல் கேள்வி, 'வீட்டுக் குழாய் மேட்டுல இருக்கா, பள்ளத்துல இருக்கா?'

அப்படிப்பட்ட ஊரில் வால்வுச் சாவி வைத்திருக்கிறவர் எவ்வளவு பெரிய மனிதர் என்று யோசித்துக்கொள்ளுங்கள். காக்கி அரைக்கைச் சட்டை, நெற்றி நிறையத் திருநீறு, ஆள் உயரத்துக்கு இரும்புச் சாவி. மேலே குறுக்குப் பிடி, கீழே சதுர வாய். அதைத் தோளில் சாத்திக்கொண்டு ஒற்றைக் கையால் சைக்கிள் ஓட்டிக்கொண்டு மத்தியான வெயிலில் தெருமுனை திரும்புவார். எமலோகத்திலிருந்து யாரையோ தூக்கிப்போக ஆள் வருவதுபோலவே இருக்கும். கிங்கரர் என்று பெயர் வைத்தது யாரென்று தெரியவில்லை. முகத்துக்கு நேராகவே அப்படிக் கூப்பிடுவோம். கோபித்துக்கொள்ள மாட்டார்.

"இருக்கட்டுமே. அவியளும் ஒரு கெவருமெண்டு வேலதான பாக்காக" என்பார்.

கிங்கரருக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு பாவம்தான் பாவம். கொலை, களவு எல்லாம் அவர் கணக்கில் சில்லறைத் தப்பு. குடிதண்ணீர்க் குழாயில் மோட்டார் வைத்து உறிஞ்சுவதுதான் மகா பாவம். நடுத்தெருவில் நாலு பேர் மோட்டார் போட்டால் கடைசி வீட்டுக் குழாயில் காற்றுதான் வரும். சட்டப்படி அவர் செய்ய வேண்டியது என்னவோ சுலபம். மோட்டார் வைத்த வீட்டின் நம்பரை எழுதிக் கொடுக்க வேண்டும். நகராட்சி ஆட்கள் வந்து மோட்டாரைப் பிடுங்கிக்கொண்டு, குழாய் இணைப்பையும் வெட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அதற்காக அவருக்கு ஒரு நோட்டுகூடக் கொடுத்திருந்தார்கள். அந்த நோட்டால் அவர் விசிறிக்கொள்வார். எழுதிப் பார்த்தவர் இல்லை. அதற்குப் பதிலாக வால்வுக் குழிப் பக்கத்தில் நின்றுகொண்டு நரகத்தைப் பற்றிச் சொற்பொழிவு ஆற்றுவார்.

முதலில் அவர் கையில் இருந்தது எல்லோருக்கும் தெரிந்த பழைய நரகம்தான். தண்ணீர் வருகிற சத்தத்துக்குத் தெருவே கூடியிருந்த ஒரு நாள் ஆரம்பித்தார்.

"மோட்டார் வச்சு உறிஞ்சுதவியள அங்கன என்ன செய்வாக தெரியுமா? எண்ணெய்க் கொப்பரை! தளதளன்னு கொதிக்கும். அப்படியே தூக்கி உள்ள போட்டுருவாக."

கடைசி வீட்டுப் பேச்சியக்கா கூட்டத்தின் முன்னால் நின்றாள். தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிறவள். தெருவிலேயே அதிகமாகக் காற்று வாங்குகிற குழாய் அவளுடையது.

"என்ன எண்ணெய் அண்ணாச்சி?"

"எந்த எண்ணெயா இருந்தா ஒனக்கென்ன?"

"இல்ல, கடலெண்ணெயா இருந்தா, உள்ள விழுதவியகிட்ட ஒரு தூக்குச்சட்டி குடுத்து விடலாம்லா. விக்கிற வெலையில வாங்க முடியல."

கூட்டம் சிரித்தது. கிங்கரர் விடவில்லை. கந்தகப் புகை மூக்கில் ஏறும் என்றார். "பதினஞ்சு வருசமா குச்சி மருந்துல கெடந்து சாகுதேன். அந்த நரகத்துல என்னைய போர்மேனாவே போட்டுருவாக" என்றாள் பேச்சியக்கா. வெயில் ஆயிரம் மடங்கு கொளுத்தும் என்றார். "இங்க மட்டும் என்ன, பன்னீரா தெளிக்காக?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். எண்ணெயும் தீயும் கந்தகமும் சேர்ந்த நரகம் கோவில்பட்டியில் எடுபடாது. அதில்தான் எங்களுக்குச் சம்பளமே.

கிங்கரர் தோற்றுப்போய் சைக்கிளை மிதித்தார். அடுத்த முறையும் வாயைத் திறக்கவில்லை. அதற்கடுத்த முறை வந்தபோது முகத்தில் ஒரு ஒளி. புது நரகம் கொண்டுவந்திருந்தார்.

"அதுக்குப் பேரு காத்துக்குழாய் நரகம்" என்று தொடங்கினார். "நாக்கு ஒரு மொழ நீளத்துக்கு வெளிய தொங்கும். சித்திரையில நம்ம கரிசக்காடு வெடிச்சுக் கெடக்குமே, அதே மாதிரி பாளம் பாளமா வெடிச்சுக் கெடக்கும். முன்னால ஒரு குழாய். ஆசையாத் தெறப்பான். ஸ்ஸ்ஸ்ஸ்... காத்து. இந்தா வந்துருன்னு கொடத்த வைப்பான். ஸ்ஸ்ஸ்ஸ்... காத்து. ஆயிரம் வருசம் அந்தச் சத்தந்தான். அதுல பாருங்க," இங்கே குரலைத் தாழ்த்தினார், "பக்கத்துத் தெருவுல மட்டும் தண்ணி விழுத சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும்."

ஒருத்தி தன் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். பேச்சியக்காவே, "அட, சண்டாளப்பாவி நரகமே" என்றாள்.

நான் நாக்கை உள்ளே இழுத்து வாயை மூடிக்கொண்டேன். காரணம், என் வீட்டில் ஒரு மோட்டார் இருந்தது.

அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன். நான் அப்போது ஒரு தீப்பெட்டி ஆபீஸில் கணக்கப்பிள்ளை. புதிதாகக் கல்யாணம். தலை தீபாவளிக்கு மாமனார் மோதிரம் போடுவார் என்று விரலைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு விளாத்திகுளம் போனேன். அரை எச்.பி. மோட்டார் ஒன்றைச் சாக்கில் கட்டி என் மடியில் வைத்தார். "மோதிரத்த வச்சு நாக்கு வழிக்கவா முடியும்? எம்புள்ள கொடம் தூக்கப்படாது மாப்ளே" என்றார். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ஆளுக்கு ஆள் எட்டிப் பார்த்து, "பிள்ளைக்கு எத்தன மாசம்?" என்று கேட்காததுதான் பாக்கி.

அதற்குள் என் மனைவி செல்விக்கு நிஜமாகவே ஐந்து மாதம். மோட்டாரைத் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்து, மேலே இரண்டு ஈரச்சாக்கு, அதற்கு மேல் ஒரு கவிழ்த்த அண்டா. சத்தத்தை மறைக்கக் கிரைண்டரை ஓடவிடுவோம். கிரைண்டரில் மாவு கிடையாது. வெறும் கல் சுற்றும். கடகடவென்று அது போடுகிற சத்தத்தில் மோட்டார் என்ன, பட்டாளமே உள்ளே புகுந்தாலும் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

கிங்கரரின் சாவியை நான் கணக்கில் எடுக்கவில்லை. கரிசல் மண் வெயிலில் வெடிக்கும்போது பூமிக்குள் இருக்கிற குழாயும் சேர்ந்து வெடிக்கும். எங்கே கசிகிறது என்று கண்டுபிடிக்க அந்த நீளச் சாவியை வால்வின் மேல் நிறுத்திவைத்து, மேல்முனையில் காதை ஒட்டிவைப்பார். வைத்தியர் நாடி பார்ப்பதுபோல் கண்ணை மூடிக்கொள்வார். குழாய்க்குள் நடக்கிற அத்தனையும் அந்த இரும்பு வழியாக அவர் காதுக்கு வந்து சேரும். இதை எனக்கு ஒருத்தரும் சொல்லவில்லை.

ஒருநாள் அப்படிக் காதை வைத்தவர் கண்ணைத் திறந்து நேராக என் வீட்டு வாசலுக்கு வந்தார்.

"என்ன கணக்கப்பிள்ள, மாவாட்டுதீகளோ?"

"ஆமா அண்ணாச்சி. இட்லிக்கு."

"தண்ணி வார அன்னைக்கு மட்டும் இட்லி திம்பீகளோ?"

"அது... தண்ணி இருந்தாத்தான் அண்ணாச்சி ஊறப்போட முடியும்."

"அதுவுஞ் சரிதான்" என்றார். என் நாக்கையே பார்த்தார். "நல்லாத் தின்னுங்க. நாக்கு நம்ம நாக்கா இருக்கும்போதே ருசி பாத்துக்கிடணும்."

போய்விட்டார். நான் போகவில்லை. நின்ற இடத்திலேயே நின்றேன்.

அன்றிலிருந்து பதினாறு நாள் நான் பட்ட பாடு எந்த நரகத்திலும் எழுதப்படாதது. காலையில் எழுந்ததும் கண்ணாடி முன்னால் நாக்கை நீட்டுவேன். ஆபீஸ் ஸ்கேலைக் கொண்டுவந்து அளந்துகூடப் பார்த்தேன். இதில் எதை அளப்பது, எங்கிருந்து அளப்பது என்று செல்வி கேட்டாள். 'ஸ்ஸ்' என்று எந்தச் சத்தம் கேட்டாலும் உடம்பு தூக்கிப் போடும். தோசைக்கல்லில் தண்ணீர் தெளிக்க வீட்டில் தடை போட்டேன். ஆபீஸுக்கு எதிரே சைக்கிள் கடைக்காரர் ஒரு டியூபில் காற்றைப் பிடுங்கிவிட்டார். நான் பேரேட்டிலிருந்து எழுந்து, "வேணும்னு செய்யல!" என்று கத்தினேன். முதலாளி அரை நாள் லீவு கொடுத்து அனுப்பினார்.

கடைசியில் மோட்டாரைக் கழற்றிப் பரணில் போட்டேன். நெஞ்சிலிருந்து அண்டாவை இறக்கிவைத்தது போலிருந்தது. தண்ணீர் வருகிற நாளில், பட்டுவேட்டி கட்டாத குறையாகக் குழாயடியில் உட்கார்ந்தேன். புண்ணியவான் வீட்டுக் குழாய்!

ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்.

அரைக் குடம் பிடித்தது. அதோடு நின்றது. எதிரில் மாடிவீட்டு அண்ணாச்சியின் மொட்டைமாடித் தொட்டி நிறைந்து, வழிந்து, சுவரெல்லாம் அருவியாகக் கொட்டிக்கொண்டிருந்தது. அவருக்கு வற்றல் கமிஷன் மண்டி. வீட்டில் மூன்று மோட்டார். மறைக்கிற வழக்கமெல்லாம் கிடையாது.

செல்வி அரைக் குடத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"ஏங்க, நரகத்துக்கு நீங்க ஒத்தையாத்தான போவீக?"

"ஆமா."

"இங்கன நாங்க ரெண்டு உசிரு கெடக்கோம். எட்டு நாளைக்கு இந்த அரைக் கொடம். எது பெருசுன்னு நீங்களே கணக்குப் போடுங்க. கணக்கப்பிள்ளதான?"

எனக்குள் என்னவோ பிய்த்துக்கொண்டது. அரைக் குடத்தையும் தூக்கிக்கொண்டு வால்வுக் குழிக்கு ஓடினேன். பாதித் தண்ணீர் வழியிலேயே என் வேட்டிக்குப் போய்விட்டது. கிங்கரர் வழக்கம்போல நாக்கை நீட்டி அளவு காட்டிக்கொண்டிருந்தார். சுற்றிலும் கூட்டம்.

"நிறுத்துங்க அண்ணாச்சி! ஒங்க நரகத்தால ஒரு பிரயோசனமும் இல்ல!"

தெரு திரும்பியது. எனக்கு மூச்சு வாங்கியது. ஆனாலும் வாய் நிற்கவில்லை.

"பயப்படுதவனுக்கு நரகம் தேவையில்ல. தேவப்படுதவன் பயப்படல. அப்புறம் யாருக்குத்தான் அண்ணாச்சி அது? ஒங்க பேச்சக் கேட்டு இந்தத் தெருவுல எவன் மோட்டாரக் கழத்துனான்? ஒரே ஒரு கோட்டிக்காரப் பய கழத்துனான். அது நான்!"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே விளங்கியது. நடுத்தெருவில், நாற்பது பேர் முன்னால், நானே என் வாயால். பேச்சியக்கா இடுப்பில் கைவைத்து என்னைப் பார்த்தாள். "அப்போ அந்த இட்லி மாவு?" என்றாள். இணைப்பை வெட்டுகிறவர்கள் கடப்பாரையோடு வருவது மனக்கண்ணில் தெரிந்தது.

மாடிவீட்டு அண்ணாச்சி மேலேயிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"சரியாச் சொன்னீரு கணக்கப்பிள்ள! வருசா வருசம் ராமேஸ்வரம் போய் இருவத்திரெண்டு தீர்த்தமும் ஆடிட்டு வந்துருதேன். எந்தப் பாவம் ஒட்டும்? கிங்கரரே, ஒம்ம நரகத்துக்கு நான் வாரதா இருந்தாலும் அங்கயும் ஒரு மோட்டாரப் போட்டுருவோம்வே."

பேச்சியக்கா அண்ணாந்து பார்த்தாள். "ஒரு குழாய்ப் பாவத்தக் கழுவ இருவத்திரெண்டு கெணத்துத் தண்ணியா? அதையும் நீரே ஊத்திக்கிட்டு வந்துட்டீரா?" என்றாள்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. கிங்கரர் மட்டும் சிரிக்கவில்லை. சாவியைக் கீழே வைத்துவிட்டுக் குழியின் விளிம்பில் உட்கார்ந்தார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எழுதிக்கோங்க அண்ணாச்சி. எங்க வீட்டு நம்பர..."

"ஒம்ம நம்பர் எனக்குத் தெரியாதா? இந்தத் தெருவுல பதினோரு மோட்டார். எது எந்த வீடுன்னு சாவி சொல்லிரும். ஒம்ம மோட்டாருக்கு பேரிங்கு சரியில்ல. கரகரங்கும்."

"பின்ன ஏன் எழுதிக் குடுக்கல?"

அவர் நோட்டை எடுத்து இரண்டு தரம் விசிறிக்கொண்டார்.

"எழுதிக் குடுத்தா வெட்டிட்டுப் போயிருவான். அப்புறம் ஒம்ம வீட்டுப் புள்ள வயித்துப் புள்ளையோட எங்கன போய் நிக்கும்? அவன் வீட்டுல கெழவன் கெடக்கான், இவன் வீட்டுல கைப்புள்ள கெடக்கு. தண்ணி குடுக்கதுக்குச் சம்பளம் வாங்கிட்டு நான் எப்படிவே வெட்டச் சொல்லுவேன்? அதான் நரகத்தச் சொன்னேன். நரகம்னா செத்த பொறவுதானவே. இப்பத்திக்கு ஒரு வீட்டுலயும் தண்ணி நிக்காதுலா."

இத்தனை நாளும் நான் ஸ்கேல் வைத்து அளந்து பயந்துகொண்டிருந்தது, அந்த ஆள் கண்டுபிடித்ததிலேயே இளகின தண்டனையைப் பார்த்து! எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. வேட்டி ஈரமாக இருந்தது மட்டும் தெரிந்தது.

"கடைசி வீட்டுக்கு மட்டும் எப்பவும் நிக்குதே அண்ணாச்சி" என்றேன்.

"அதுதான்வே தெரியல" என்றார். நிஜமாகவே தெரியாத முகம்.

அடுத்த எட்டாம் நாள். கிங்கரர் வால்வைத் திறந்தார். தெருவில் மோட்டார்கள் ஒவ்வொன்றாக முனக ஆரம்பித்தன. சரியாக இரண்டு நிமிஷம். பட்டென்று கரண்ட் போனது. எல்லா மோட்டாரும் ஒரே நேரத்தில் ஊமை. தெருமுனைக் கம்பத்தில் ஒரு லைன்மேன் உட்கார்ந்திருந்தார். கிங்கரருக்கு ஏதோ வழியில் மச்சினன் முறையாம்.

"என்னவே ஆச்சு?" என்று மாடியிலிருந்து கத்தல்.

"மேல காக்கா செத்துக் கெடக்கு அண்ணாச்சி. எடுக்க அரை மணி நேரம் ஆவும்" என்றார் லைன்மேன்.

அந்த அமைதியில், தெருவின் கடைசியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. ஸ்ஸ்ஸ்... ஸ்ஸ்... அப்புறம் தொபதொபவென்று. பேச்சியக்கா ஓடி வந்து நடுத்தெருவில் நின்று கூவினாள்.

"ஏட்டி, வந்துட்டுட்டி! எங்க வீட்டுக் கொழாயில தண்ணி வந்துட்டு!"

ஐயோ, அந்த அரை மணி நேரம்! யார் வீட்டுக் குடத்தை யார் தூக்கினோம் என்றே தெரியவில்லை. நான் என் வீட்டுக்கு ஏழு குடம் பிடித்தேன். பேச்சியக்கா வீட்டுக்கு இரண்டு குடம் சும்மாவே தூக்கிக்கொண்டு போனேன். மாடிவீட்டு அண்ணாச்சி ஒரு பிளாஸ்டிக் வாளியோடு படியிறங்கி, தன் வீட்டு வாசல் குழாயை முதல்முறையாகக் கையால் திறந்தார். எந்தப் பக்கம் திருக வேண்டும் என்று கேட்டாராம்.

அதன்பிறகு எட்டு நாளைக்கு ஒரு காக்கா தவறாமல் அந்தக் கம்பத்தில் செத்தது. மூன்றாவது காக்கா சாகும்போது தெருவுக்கே விஷயம் விளங்கிவிட்டது. நான்காவது காக்காவுக்கு முந்தியே பலபேர் மோட்டாரைக் கழற்றி விற்றுவிட்டார்கள்.

நரகத்துக்குத்தான் வேலை போய்விட்டது. கிங்கரர் வந்தார், திறந்தார், மூடினார், போனார். எங்களுக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. உப்பில்லாத கஞ்சி. ஒருநாள் பேச்சியக்காவே கேட்டாள்.

"அண்ணாச்சி, அந்த நாக்கு கதையக் கொஞ்சம் சொல்லுங்களேன்."

"அதெதுக்கு இனிமே? கரண்டு கம்பத்துல பீஸ் கட்டையப் பிடுங்குனா போதும்னு ஆயிட்டு."

"சரி, சொர்க்கத்தயாவது சொல்லுங்க. அங்க எத்தன நாளைக்கு ஒருக்கா வரும்?"

கிங்கரர் யோசித்தார். "அங்கன எப்பவும் தண்ணி ஓடிக்கிட்டே இருக்குமாம். வால்வே கெடையாதாம்." சாவியைத் தடவிக்கொண்டார். "பின்ன நான் அங்கன போயி என்ன செய்ய?"

சிரித்தோம். அவர் சொன்னது வேடிக்கைக்கு இல்லை என்று நினைக்கிறேன். நரகம் ஒன்று உண்டென்று அவர் மெய்யாகவே நம்பினார். எத்தனை வெயிலாக இருந்தாலும் எங்கள் தெருக் குழாயில் ஒரு வாய் குடிக்க மாட்டார். வீட்டிலிருந்து பாட்டிலில் கொண்டுவருவார். "லைன் தண்ணி. என்னுது இல்ல" என்பார். காத்துக்குழாய் நரகத்துக்குப் பயந்தவர்கள் எங்கள் தெருவில் இரண்டே பேர். ஒருவன் நான். இன்னொருவர், அதைக் கண்டுபிடித்தவர்.

செல்விக்கு விளாத்திகுளத்தில் மகள் பிறந்தாள். மூன்றாம் மாதம் பிள்ளையோடு வீட்டுக்கு வந்தாள். அன்று எங்கள் முறை இல்லை. இன்னும் மூன்று நாள் கிடந்தது. வாசலில் ஆரத்தி கரைக்கவே பக்கத்து வீட்டில் ஒரு செம்பு தண்ணீர் கேட்டு வாங்கும் நிலை. பேருந்து நிலையத்திலிருந்து நாங்கள் வருவதைக் கிங்கரர் பார்த்திருக்கிறார். பிள்ளையை எட்டிப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் சைக்கிளைத் திருப்பினார்.

பத்து நிமிஷத்தில் எங்கள் தெருக் குழாய்கள் எல்லாம் 'ஸ்ஸ்' என்றன. நான் பழக்கதோஷத்தில் நாக்கைப் பிடித்துக்கொண்டேன். தண்ணீர் வந்தது. ஒரு கால் மணி நேரம். முறை தப்பி ஏன் வந்தது என்று தெருவில் ஒருவருக்கும் தெரியாது. ஓடிப்போய்ப் பார்த்தேன். கிங்கரர் வால்வுக் குழியில் மூடி போட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி! இது..."

"பேசாம போம்வே." கன்னத்தில் போட்டுக்கொண்டார். "கால் மணி நேரந்தான. மொழ நாக்கு வேண்டாம், அரை மொழம் போதும்னு அங்கன சொல்லிப் பாத்துக்கிடுதேன்."

பல வருஷம் கழித்து, நான் வேறு ஊரில் இருந்தபோது அவர் காலமான செய்தி வந்தது. அந்த அரை முழத்தை யாராவது கணக்கில் எழுதி, அவரை நரகத்துக்கு அனுப்பியிருந்தால் எனக்குக் கவலையில்லை. அங்கே இந்நேரம் தண்ணீர் வந்திருக்கும், கடைசி வீடு வரைக்கும்.